எல்லா வீட்டிலும் ஒரே முகூர்த்தம்

1992 ஆகஸ்ட் 24 அன்று பொழுது விடியும் முன்பே ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே, ஹோம்ஸ்டெட் என்ற ஊரை ஒட்டிக் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 265 கிலோமீட்டர். அன்று காலையே பாஸ்டன் நகரிலிருந்து கேரன் கிளார்க் என்ற பெண் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். நீங்கள் கொடுக்க வேண்டிவரும் இழப்பீடு 1,300 கோடி டாலரைத் தாண்டலாம் என்றது அந்தத் தாள். அதைப் பெற்றவர்கள் பலரும் நம்பவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் தெற்கு கரோலினாவை அடித்த ஹியூகோ புயலுக்கு அவர்கள் கொடுத்தது சுமார் 400 கோடி டாலர். அதுவரை அதைவிடப் பெரிய புயல் இழப்பீட்டை அவர்கள் கண்டதில்லை. ஒரே புயல் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கும் என்று ஒருவர் கணினியில் கணக்குப் போட்டுச் சொன்னால் யார் நம்புவார்கள்?

மாதங்கள் கழித்து எல்லாக் கிளெய்ம்களும் வந்து சேர்ந்தபோது தொகை 1,550 கோடி டாலர் ஆகியிருந்தது. 11 காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. ஆல்ஸ்டேட் என்ற பெரிய நிறுவனம், ஃபுளோரிடாவில் தான் தொழில் நடத்திய 53 ஆண்டுகளில் ஈட்டிய லாபம் மொத்தத்தையும்விடக் கூடுதலான தொகையை அந்த ஒரே புயலுக்குக் கொடுத்தது.

இன்று ஃபுளோரிடாக் கரையில் வீடு வைத்திருப்பவர் தன் பிரீமியம் நோட்டீஸைப் பார்த்துத் திகைக்கிறார் என்றால், அந்தத் திகைப்பின் வேர் அந்த ஆகஸ்டில் இருக்கிறது. அதற்கு முன் அந்த வீடுகளின் காப்பீடு மலிவாக இருந்ததற்குக் காரணம், அதன் உண்மையான விலை யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான்.

ஏன் தெரியவில்லை? நிறுவனங்கள் தங்கள் பழைய கணக்கேடுகளைப் பார்த்து விலை வைத்தன. கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் எவ்வளவு கொடுத்தோம், அதன் சராசரி என்ன, அதற்குமேல் கொஞ்சம் லாபம். கார் விபத்துக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தும். புயலுக்குப் பொருந்தாது. 1970களிலும் 80களிலும் ஃபுளோரிடாவைப் பெரும்புயல்கள் அதிகம் தொடவில்லை. அந்த அமைதியான காலத்தில்தான் மக்கள் அங்கே கூட்டமாய்க் குடியேறினார்கள். 1950இல் ஃபுளோரிடாவின் மக்கள்தொகை சுமார் 28 லட்சம். 1990இல் 1 கோடியே 29 லட்சம். 2020இல் 2 கோடியே 15 லட்சம். 1926இல் மயாமியை நேராகத் தாக்கிய பெரும்புயல் இன்று அதே பாதையில் வந்தால் சேதம் 10,000 கோடி டாலரைத் தாண்டும். காற்று அதேதான். அதன் வழியில் இன்று நிற்கும் சுவர்களும் கூரைகளும்தான் பல மடங்கு.

கேரன் கிளார்க் பிடித்தது நிறுவனங்களின் இந்த முறைக்கு நேர் எதிரான வழி. தன் நிறுவனத்தை 1987இல் தொடங்கிய அவர், பழைய இழப்பீட்டுக் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பழைய புயல்களை எடுத்துக்கொண்டார். எங்கே உருவாயின, எந்த வேகத்தில் நகர்ந்தன, நடுவில் காற்றழுத்தம் எவ்வளவு தாழ்ந்தது என்ற விவரங்களிலிருந்து, வந்திருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான புயல்களைக் கணினியில் உருவாக்கினார். ஒவ்வொன்றையும் இன்றைய வரைபடத்தின் மேல் ஓட்டினார். இந்தத் தெருவில் காற்று எவ்வளவு வீசும், அந்தக் காற்றில் இந்த வகை வீடு எவ்வளவு சேதமாகும், அந்தச் சேதத்தில் பாலிசி எவ்வளவு கொடுக்கும் என்று மூன்று படிகள். பத்தாயிரம் ஆண்டுகளின் புயல் பருவங்களை இப்படிக் கற்பனையில் நடத்திப் பார்த்தால், ஒரு மனித ஆயுளில் காண முடியாத இரவுகளும் கணக்குக்குள் வந்துவிடும். ஆண்ட்ரூவுக்குப் பிறகு இந்தக் கணினி மாதிரிகள் இல்லாமல் கடலோர வீட்டுக்கு யாரும் விலை வைப்பதில்லை. மாதிரிகளைச் சோதிக்க ஃபுளோரிடா அரசு 1995இல் ஒரு குழுவே அமைத்தது. ஃபுளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் பொதுமக்கள் பணத்தில் ஒரு மாதிரியும் உருவானது. தனியார் மாதிரிகளின் உள்வேலை வெளியே தெரியாத நிலையில், இப்படி ஒன்று பொதுவில் இருப்பது மிக முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் மாதிரி சொல்லும் சராசரிச் சேதத்தைவிடப் பிரீமியம் பல மடங்கு இருக்கிறதே, அது ஏன்? இந்த அத்தியாயத்தின் மையக் கேள்வி இதுதான்.

தென்மாவட்டங்களின் மொய் வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் ஊரே மொய் எழுதுகிறது. அடுத்த மாதம் இன்னொரு வீட்டில். அவரவர் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க, ஒருவரின் பெருஞ்செலவு ஊருக்குள் பரவிக் கரைந்துவிடுகிறது. இது நடப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கல்யாணங்கள் வெவ்வேறு நாளில் வர வேண்டும். ஊரில் உள்ள அத்தனை வீட்டிலும் ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் என்றால் யார் யாருக்கு மொய் எழுதுவது?

எண்ணில் பார்ப்போம். விளங்குவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு நிறுவனம் ஒரு லட்சம் வீடுகளைக் காப்பீடு செய்திருக்கிறது. ஒவ்வொன்றும் 3 லட்சம் டாலர் மதிப்பு. தீ விபத்தை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 500 வீட்டில் ஒன்று எரிகிறது என்று வைப்போம். ஆக ஆண்டுக்கு 200 வீடுகள். ஓராண்டு 185 ஆகலாம், இன்னோராண்டு 215 ஆகலாம். ஒரு வீட்டுத் தீக்கும் பத்து மைல் தள்ளியிருக்கும் வீட்டுத் தீக்கும் தொடர்பில்லை என்பதால், 250ஐத் தாண்டுவது மிக மிக அபூர்வம். ஆண்டுச் செலவு 6 கோடி டாலர். வீட்டுக்கு 600 டாலர் வாங்கினால் கணக்கு சரியாகிவிடும்.

இப்போது அதே லட்சம் வீடுகளுக்குப் புயல். ஐம்பது ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. வரும்போது 10,000 வீடுகளை அழிக்கிறது. சராசரி எடுத்தால் ஆண்டுக்கு அதே 200 வீடுகள், அதே 600 டாலர். ஆனால் 49 ஆண்டுகள் ஒன்றுமில்லை, ஓராண்டு மட்டும் 300 கோடி டாலர். அது முதல் ஆண்டிலேயே வரலாம். ஆகவே நிறுவனத்துக்குப் பின்னால் எப்போதும் 300 கோடி தயாராய் நிற்க வேண்டும். அந்தப் பணத்தின் சொந்தக்காரர், "ஒரே இரவில் என் முதல் முழுவதும் போகலாம், ஆகவே பாதுகாப்பான பத்திரங்களைவிட ஆண்டுக்கு 5 சதவீதம் கூடுதலாகக் கொடு" என்று கேட்பார். 300 கோடிக்கு 5 சதவீதம் 15 கோடி. வீட்டுக்கு 1,500 டாலர். அதோடு 600 சேர்த்தால் 2,100. சராசரிச் சேதம் இரண்டிலும் ஒன்றே, விலை மூன்றரை மடங்கு. அந்தக் கூடுதல் 1,500 டாலர், உங்கள் வீடு விழும் அதே இரவில் பக்கத்து வீடும் விழும் என்பதற்காக நீங்கள் கொடுக்கும் விலை.

இந்தப் பெரும்பணம் உள்ளூரில் கிடைக்காது. வெளியூர் மொய் வேண்டும். அதைத் தருபவை மறுகாப்பீட்டு நிறுவனங்கள்: ஜெர்மனியின் மியூனிக் ரே, சுவிட்சர்லாந்தின் சுவிஸ் ரே, பெர்முடாத் தீவில் ஆண்ட்ரூவுக்குப் பிறகு முளைத்த பல நிறுவனங்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு விற்பவர்கள் இவர்கள். ஃபுளோரிடாப் புயலும் ஜப்பான் நிலநடுக்கமும் ஒரே நாளில் வராது என்பதே இவர்களின் அடிப்படைக் கணக்கு. ஃபுளோரிடாவின் மறுகாப்பீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பகுதி ஜூன் 1 அன்று புதுப்பிக்கப்படுகிறது. புயல் பருவம் தொடங்கும் அதே நாள். 2022 செப்டம்பர் 28 அன்று இயான் புயல் ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரைக் குடியிருப்புகளைத் துடைத்தெடுத்து 11,200 கோடி டாலர் அளவுக்குச் சேதம் செய்தது. அடுத்த ஜூனில் மறுகாப்பீட்டின் விலை கடுமையாக ஏறியிருந்தது. அந்த ஏற்றம் அப்படியே வீட்டுக்காரர் தலையில் வந்து இறங்கியது. பெஞ்சமின் கீஸ், பிலிப் மல்டர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் வீட்டுக் கடன் கணக்குகளை வைத்து இதைத் தடம்பிடித்தார்கள். 2020க்கும் 2023க்கும் இடையில் அமெரிக்கா முழுவதும் சராசரி வீட்டுக் காப்பீடு 1,902 டாலரிலிருந்து 2,530 டாலருக்கு, அதாவது 33 சதவீதம் ஏறியது. ஏற்றம் மிகக் கூடுதலாய் இருந்தது புயலும் காட்டுத்தீயும் மிரட்டும் பகுதிகளில்.

விலையின் பாதிக் கதை இப்படிப் பணச் சந்தையில் நடக்கிறது. மறுபாதி கூரையில் நடக்கிறது. எனக்கு அதிக நம்பிக்கை தருவது இந்த மறுபாதிதான்.

காற்று ஒரு பரப்பின் மேல் தரும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 130 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 80 கிலோ எடையளவுக்கு அழுத்தும். 265 கிலோமீட்டர் காற்று 330 கிலோ அளவுக்கு. வேகம் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு. சேதம் இதைவிடவும் வேகமாக ஏறும், ஏனென்றால் ஒன்று உடைந்தால் அடுத்தது தானாக உடைகிறது. சரிந்த கூரையின் விளிம்பில் மோதும் காற்று அங்கே பிய்ந்து மேலே தாவுகிறது. அந்த இடத்தில் அழுத்தம் தாழ்ந்து, கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. மூலைகளிலும் முகட்டிலும் இந்த உறிஞ்சல் மிகக் கடுமை. அந்நேரம் பறந்து வந்த ஒரு பலகை ஜன்னலை உடைத்தாலோ, காரறையின் அகன்ற கதவு உள்ளே மடங்கினாலோ, காற்று வீட்டுக்குள் புகுந்து கீழிருந்தும் தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல். அமெரிக்கப் புறநகர் வீடு பெரும்பாலும் மரச் சட்டத்தில் கட்டியது. நம் கான்கிரீட் மாடியைப் போலத் தன் எடையாலேயே நிற்கும் கூரை அதற்கு இல்லை. அந்தக் கணத்தில் கூரையைப் பிடித்து வைத்திருப்பவை ஆணிகள் மட்டுமே.

ஆண்ட்ரூ போன பிறகு இடிபாடுகளைப் பார்வையிட்ட பொறியாளர்கள் கண்டது மனதை வாட்டுகிறது. பல வீடுகளில் கூரைப் பலகையில் அடித்த ஆணி அடியிலிருந்த கைமரத்தில் இறங்கவே இல்லை. பக்கவாட்டில் வெறும் காற்றில் தொங்கியது. பல இடங்களில் ஆணிக்குப் பதிலாக ஸ்டேப்பிள் பின். இரண்டு பக்கம் மட்டும் சரிந்து, இரு முனையிலும் முக்கோணச் சுவர் நிற்கும் கூரைகள் அதிகம் விழுந்தன. நான்கு பக்கமும் சரிந்தவை கூடுதலாய்த் தாங்கின. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்ததில் காற்றின் பங்கு எவ்வளவு, கட்டுமான ஆய்வாளரின் கண்மூடலின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி அப்போதே எழுந்தது. தெற்கு ஃபுளோரிடா தன் விதிகளை 1994இல் இறுக்கியது. மாநிலம் முழுமைக்குமான கட்டட விதித்தொகுப்பு 2002இல் நடைமுறைக்கு வந்தது. இன்று ஃபுளோரிடாவில் ஆய்வாளர் ஒருவர் பரணில் ஏறி, கைமரத்தைச் சுவரோடு உலோகப் பட்டை பிடித்திருக்கிறதா, ஆணிகளுக்கிடையே இடைவெளி எவ்வளவு, ஜன்னல்களுக்குப் புயல் தடுப்பு உண்டா என்று பார்த்துப் படிவம் நிரப்பினால், பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்பது சட்டம்.

2018 அக்டோபரில் மைக்கேல் புயல் ஃபுளோரிடாவின் மெக்சிகோ பீச் என்ற சிற்றூரைத் தரைமட்டமாக்கியபோது, கடலைப் பார்த்தபடி ஒரு வீடு ஏறத்தாழ முழுதாய் நின்ற படம் உலகமெங்கும் பரவியது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆழமாய் இறக்கிய தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய, கம்பி வைத்து வார்த்த கான்கிரீட் வீடு அது. கடல் அடியில் புகுந்து போக இடம் விட்டிருந்தார்கள்.

அந்தக் கடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு காற்றுக்குத் தரும், வெள்ளத்துக்குத் தராது. புயலோடு பொங்கி வரும் கடலும் வெள்ளக் கணக்கிலேயே சேரும். அதற்குத் தனி பாலிசி வேண்டும். 1968இல் தொடங்கிய மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம்தான் பெரும்பாலும் அதைத் தருகிறது; அதுவும் வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் இரண்டரை லட்சம் டாலர். இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் ஒரே தாளில் அடங்கும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2005இல் கத்ரினா மிசிசிப்பிக் கரையில் பல வீடுகளின் அடித்தளத்தை மட்டும் விட்டுச் சென்றது. சுவரை வீழ்த்தியது காற்றா, பின்னால் வந்த கடலா? சாட்சி சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அந்த மாநிலத்தின் செனட்டர் டிரென்ட் லாட் தன் வீட்டுக்காகக் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட வேண்டிவந்தது. செனட்டருக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளத் திட்டமும் உண்மை விலையை வாங்காமல் பல பத்தாண்டுகள் ஓடியது, கடனில் மூழ்கியது. 2017இல் 1,600 கோடி டாலர் கடனை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்த பிறகும் 2,000 கோடிக்கு மேல் பாக்கி நின்றது. 2021 அக்டோபர் முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் உயரம், தண்ணீரிலிருந்து தூரம், கட்டி எழுப்ப ஆகும் செலவு ஆகியவற்றை வைத்துப் புது விலை கணக்கிடுகிறார்கள். இதற்கிடையில் கடல் மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் துறைமுகத்தில் 1913 முதல் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். அங்கே நீர்மட்டம் 20 சென்டிமீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. எந்தப் புயல் அலையும் இப்போது அந்த உயரத்திலிருந்து தொடங்குகிறது.

பிரீமியம் ஏறியதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2019இல் அமெரிக்க வீட்டுக் காப்பீட்டுக் கிளெய்ம்களில் சுமார் 8 சதவீதமே ஃபுளோரிடாவிலிருந்து வந்தது. வழக்குகளில் 76 சதவீதம் அங்கிருந்து வந்தது. அந்த வழக்குச் செலவும் பிரீமியத்தில் ஏறியது. வழக்குகளைக் குறைக்க 2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள்.

தனியார் நிறுவனங்கள் பின்வாங்கும்போதெல்லாம் மக்கள் போய் நிற்பது 2002இல் அரசு உருவாக்கிய சிட்டிசன்ஸ் நிறுவனத்தின் வாசலில். 2023இல் அதன் பாலிசிகள் 14 லட்சத்தைத் தொட்டன. ஆண்டுக்கு எவ்வளவு விலை ஏற்றலாம் என்பதற்கு அதற்குச் சட்ட வரம்பு உண்டு. பணம் போதாவிட்டால் மாநிலத்தில் மற்றக் காப்பீடு வைத்திருப்பவர்களிடமிருந்தும் கூடுதல் வரி போல வசூலிக்கலாம். 2005 புயல்களின் பற்றாக்குறைக்கான வசூல் 2015 வரை நீடித்தது. கடலிலிருந்து வெகுதூரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பழைய கார் ஓட்டுபவரும் தன் கார்க் காப்பீட்டின் மேல் அதைக் கட்டினார். கரையோர மாளிகையின் புயல் செலவில் அவருக்கும் பங்கு வைப்பது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் உண்மை விலையை வாங்கிவிடுங்கள், கொடுக்க முடியாதவர் விற்றுவிட்டுப் போகட்டும் என்று சொல்லும் பொருளியலாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுவும் ஒப்பவில்லை. வங்கிக் கடன் உள்ளவரைக் காப்பீடு இல்லாமல் வங்கி விடாது. கடனை அடைத்துவிட்ட முதியவர், ஓய்வூதியத்தில் வாழ்பவர், பெற்றோரின் பழைய மர வீட்டில் இருப்பவர் ஆகியோரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. விலை ஏறும்போது அவர்கள்தான் பாலிசியை விட்டுவிடுகிறார்கள். பாலிசி வைத்திருப்பவருக்கும் புயல் என்றால் தனிக் கழிவு உண்டு: பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 2 அல்லது 5 சதவீதத்தை முதலில் அவரே ஏற்க வேண்டும். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 5 சதவீதம் என்றால் 20,000 டாலர். பிரீமியத்தைக் குறைப்பதற்காகப் பலர் இந்தச் சதவீதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள்; கூரை போன பிறகே அதன் பொருள் அவர்களுக்கு உறைக்கிறது.

விலையை மறைக்காமல் ஆளுக்கு உதவ ஒரு வழி இருக்கிறது. பக்கத்து மாநிலமான அலபாமா அதைச் செய்து காட்டியிருக்கிறது. கூரையை மாற்றும்போது உடலில் வளையம் வெட்டிய ஆணிகளை நெருக்கமாக அடிப்பது, பலகைகளின் இணைப்புகளை நாடா ஒட்டி அடைப்பது, விளிம்புகளை இறுகப் பிடிப்பது என்று எளிய வேலைகள்தான். வளைய ஆணி சாதாரண ஆணியைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இழுப்பைத் தாங்கும். நாடா ஒட்டிய கூரையில் ஓடு பறந்தாலும் மழை வீட்டுக்குள் கொட்டாது. இழப்பீட்டில் பெரும்பங்கு அந்த நனைந்த உட்கூரைக்கும் சுவருக்கும்தான் போகிறது. தெற்கு கரோலினாவின் ரிச்பர்க்கில் 105 ராட்சத மின்விசிறிகள் கொண்ட கூடத்தில் முழு வீடுகளையே நிறுத்திக் காற்றடித்துச் சோதித்து வகுத்த முறை இது. இப்படிக் கூரை போட அலபாமா அரசு வீட்டுக்கு 10,000 டாலர் வரை மானியம் தருகிறது. நிறுவனங்கள் பிரீமியத்தைக் குறைத்தாக வேண்டும். ஃபுளோரிடாவும் 2022இல் தன் பழைய மானியத் திட்டத்தை மீண்டும் திறந்தது.

ஊரில் கூரைகள் பலப்படும்போது ஒரே இரவில் விழும் வீடுகளின் எண்ணிக்கை குறைகிறது. தயாராய் நிற்க வேண்டிய 300 கோடி 200 கோடியாகிறது. நம் கணக்கில் அந்த 1,500 டாலர் 1,000 ஆகிறது. அந்தக் குறைவு கூரை மாற்றாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்ந்தே கிடைக்கிறது. பொதுப்பணத்தை இதில் போடுவதற்கு இதைவிட நல்ல நியாயம் வேண்டியதில்லை.

ஆனால் அலபாமாவின் மானியத்துக்கு விண்ணப்பிக்க, வீட்டின் மேல் காற்றுக்கான காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிரீமியம் கட்ட முடியாமல் பாலிசியை விட்டவர், ஆணி பெயர்ந்த பழைய கூரையின் கீழ் இருப்பவர், அதற்குத் தகுதி பெறமாட்டார். அந்த நிபந்தனையை எடுத்துவிட வேண்டும். முதல் 10,000 டாலர் அவர் கூரைக்குப் போக வேண்டும்.